வேகாத சிவப்பு

"ஐயோ... போடாதீங்க! போடாதீங்க!"

லீட்டா கத்தியதில் பாதியைக் காற்று தூக்கிக்கொண்டு போனது. மீதி போய்ச் சேர்வதற்குள் அவன் கை சுழன்றுவிட்டது. விரல் நுனியிலிருந்து ஏதோ ஒன்று கிளம்பி, ஒரே ஒரு கணம் வெயிலைக் குடித்து, மாதுளை முத்துப் போலச் சிவந்து மின்னி... அலைக்குள் விழுந்தது.

சிவப்பு!

அக்டோபர் மாதத்து இரண்டாவது சனிக்கிழமை. மதியம் இரண்டு மணி பத்து நிமிடம். மாதத்திலேயே கடல் மிக அதிகமாக உள்வாங்கும் நேரம். வியாழனன்று அடித்த புயல் டோரி கோவ் கடற்கரையின் கூழாங்கற்களை எல்லாம் புரட்டிப் போட்டிருந்தது. இப்படி ஒரு நாளுக்காகத்தான் லீட்டா ஆறு வருடமாகக் காத்திருந்தாள். முழங்கால்வரை ரப்பர் பூட்ஸ், தோளில் இரண்டு பைகள், ஏழு இடத்தில் ஒட்டுப்போட்ட மஞ்சள் மழைக்கோட்டு. அத்தனையோடும் ஓடினாள். பாசியில் இரண்டு முறை வழுக்கினாள். மூச்சிரைக்க அவன் எதிரில் போய் நின்றாள்.

"என்ன காரியம் பண்ணீங்க! அது என்னன்னு தெரியுமா உங்களுக்கு?"

"கண்ணாடித் துண்டுங்க..."

"சிவப்புக் கண்ணாடி! எங்க விழுந்துச்சு? அதையாவது பார்த்தீங்களா?"

"இல்லையே..." அவன் தயங்கினான். "நீங்க கத்தினீங்களா... நான் உங்களைத்தான் பார்த்துட்டு இருந்தேன்."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவனுக்கே உறைத்தது போல. பனிமூட்டம் விலகும் நேரத்துக் கடலின் நிறத்தில் இருந்த அந்தச் சாம்பல் கண்கள் சட்டென்று தாழ்ந்தன. நெடுநெடுவென்ற உயரம். முகத்தில் மூன்று நாள் தாடி. காதை மூடிய கம்பளித் தொப்பி. ஊருக்குப் புதியவன்.

"எதுக்குத் தூக்கிப் போட்டீங்க?"

"அது இன்னும் வேகலைங்க. மூணு பக்கம் பட்டு மாதிரி வழவழன்னு இருந்துச்சு. நாலாவது பக்கம் கத்தி. இங்க பாருங்க..." கட்டைவிரலை நீட்டினான். மெல்லிய கீறலில் ரத்தம் அரும்பியிருந்தது. "வேகாத கண்ணாடியைக் கடலுக்கே திருப்பிக் கொடுத்துடணும். அதுதானே இந்த ஊர் வழக்கம்?"

"யார் சொன்னா அப்படி?"

"வார்ஃப் ரோட்டுல ஒரு நகைக்கடை. நேத்து சாயந்தரம் பூட்டியிருந்துச்சு. வாசல்ல போர்டு. 'வேகாததை எடுக்காதே, உனக்குப் பின்னால் வருபவருக்கு விட்டு வை. எடுக்கும் ஒவ்வொரு கண்ணாடிக்கும் ஒரு பிடி குப்பையைத் தூக்கிக்கொண்டு போ.' கீழ கையெழுத்து வேற... லீட்டா கோர்கமாம். ரொம்பக் கறாரான கிழவி போல. படிச்சதும் எனக்கே பயமாயிடுச்சு."

இடது கையிலிருந்த சாக்கைத் தூக்கிக் காட்டினான். அறுந்த கயிறு, மீன் இரை வைக்கும் வலைப்பை, சிங்கி இறால் கொடுக்கில் மாட்டும் ரப்பர் வளையங்கள்... அரைச் சாக்குக் குப்பை.

லீட்டாவுக்குக் காது நுனி சுட்டது.

"அந்தக் கிழவி... நான்தான்."

இருவருக்கும் நடுவில் ஒரு கடற்பறவை கெக்கலித்துக்கொண்டு பறந்து போனது.

*

நூறு வருடமாக டோரி கோவ் ஊர் தன் குப்பையை கடற்கரைக்கு மேலே இருந்த மேட்டிலிருந்துதான் கடலில் கொட்டியது. மருந்துக் குப்பி, சோடா பாட்டில், உடைந்த விளக்கு, ரம் பாட்டில் என்று வெட்கமே இல்லாமல் கொட்டியது. கடல் எதையும் மறுக்கவில்லை. வாங்கி, உருட்டி, உப்பில் ஊறவைத்து, கூர்மையெல்லாம் தின்று, பனி படிந்த திராட்சை போல ஒவ்வொன்றாகத் திருப்பித் தந்துகொண்டிருந்தது. வெள்ளையும் பழுப்பும் தினமும் கிடைக்கும். பச்சை வாரம் ஒன்று. நீலம் மாதம் ஒன்று. சிவப்பு... பழைய கப்பல்களின் இடப்பக்கத்து விளக்கு போன்றவற்றில் மட்டும் இருந்த சிவப்பு... ஒருவர் ஆயுளில் ஒன்று கிடைத்தால் அதிர்ஷ்டம் என்பார்கள்.

அந்தத் தைரியத்தில்தான் லீட்டா மூன்று வருடத்துக்கு முன் அப்படி வாயை விட்டாள்.

சர்ச் ஹாலில் மீன் சூப் விருந்து. பக்கத்து பேக்கரி வெர்னா தன் ஒன்றுவிட்ட தம்பியின் பெருமைகளை இரண்டாவது தடவையாகச் சொல்லத் தொடங்கியபோது, லீட்டா கரண்டியோடு எழுந்து நின்றாள். "எல்லாரும் கேட்டுக்கோங்க. கடல் எனக்கு ஒரு சிவப்புக் கண்ணாடி கொடுக்கட்டும். அன்னைக்கு நான் கல்யாணம் பண்ணிக்கிறேன். அதுவரைக்கும் யாரும் இந்தப் பேச்சை எடுக்கக் கூடாது!"

ஹாலே அதிர்ந்து சிரித்தது. அன்றிலிருந்து ஊரில் அவளுக்குக் காலை வணக்கம் சொல்பவர்கள் குறைந்துவிட்டார்கள். "என்ன லீட்டா, சிவப்பு கிடைச்சுதா?" என்றுதான் கேட்பார்கள்.

அவள் ஏன் அப்படிச் சொன்னாள் என்பது வெர்னாவுக்கு மட்டும் தெரியும். ஹாலிஃபாக்ஸ் நகரத்தில் ஒருவன் இருந்தான். மோதிரம் போட்டு, கல்யாணத்துக்கு நாள் குறித்த பிறகு, தன் நண்பர்களிடம், "குப்பை பொறுக்கி நகை செய்யற பொண்ணு" என்று சொல்லிச் சிரித்தான். லீட்டா அடுத்த பஸ்ஸிலேயே ஊர் திரும்பினாள். அதன் பிறகு அவள் நெஞ்சுக்கு ஒரு கதவு வைத்து, அதன் சாவியைக் கடலில் போட்டுவிட்டாள்.

இப்போது எவனோ ஒருவன் அந்தச் சாவியைக் கண்டெடுத்து... அவள் எழுதிய போர்டையே படித்துவிட்டு... மறுபடியும் கடலிலேயே போட்டிருக்கிறான்.

வெர்னா கதையைக் கேட்டு மாவுக் கையால் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "உன் சட்டத்தை இந்த ஊர்ல ஒழுங்கா மதிச்சவன் அவன் ஒருத்தன்தான்டி! அவனைப் போய்த் திட்டிட்டு வந்திருக்கே!"

"சிரிக்காதே வெர்னா..."

"அது சரி, நீ எடுத்திருந்தா என்ன பண்ணியிருப்பே? கத்தி மாதிரி இருந்துச்சுங்கறியே... திருப்பிப் போட்டிருப்பியா?"

லீட்டா பூட்ஸில் ஒட்டிய மணலைத் தட்டிவிட்டுக் கடைக்குக் கிளம்பினாள்.

*

திங்கட்கிழமை அவன் கடைக்கே வந்துவிட்டான்.

"நான் ரெமி. ரெமி சுரெட். பப்னிகோ பக்கம் என் ஊர். துறைமுக விளக்கைப் பழுது பார்க்க வந்திருக்கேன், நாலு வார வேலை. அது... பேக்கரி அம்மா சொன்னாங்க, நான் தூக்கிப் போட்டது சாதாரணக் கண்ணாடி இல்லையாம். உங்க கல்யாணமாம்."

"வெர்னாவுக்கு ரொட்டி வேகுதோ இல்லையோ, வாய் நல்லா வெந்திருக்கு."

அவன் சிரிக்கப் போனான். பாதியில் நின்றுவிட்டான். அப்போதுதான் மேகம் விலகி, ஜன்னல் வழியாக வெயில் உள்ளே வந்தது. ஜன்னல் நெடுக மீன்பிடி நூலில் கோத்துத் தொங்கவிட்ட கண்ணாடிகள் ஒவ்வொன்றாக விழித்துக்கொண்டன. சுவரெல்லாம் பச்சை நடுங்கியது. தரையில் நீலம் ஊர்ந்தது. ரெமியின் தோளில் தேன்நிறம் வந்து உட்கார்ந்தது.

ரெமி மெதுவாக, மாதா கோயிலுக்குள் நுழைந்தவனைப் போல, தொப்பியைக் கழற்றினான்.

லீட்டா அதைப் பார்த்தாள். இந்தக் கடைக்கு எத்தனையோ பேர் வந்திருக்கிறார்கள். அழகு என்றிருக்கிறார்கள். விலை கேட்டிருக்கிறார்கள். தொப்பியைக் கழற்றியவர் யாருமில்லை.

"ஒண்ணு தொட்டுப் பார்க்கலாமா?"

அவன் உள்ளங்கையில் ஒரு நீலத்தை வைத்தாள். மருந்துக் குப்பியின் அடிப்பாகம்.

"இதுக்கு எத்தனை வருஷம் ஆயிருக்கும்?"

"எண்பது... நூறு கூட இருக்கும்."

"நூறு வருஷம்..." அவன் குரல் இறங்கிவிட்டது. "ஏதோ ஒரு அம்மா காய்ச்சல்ல கிடந்த குழந்தைக்கு மருந்து கொடுத்துட்டு, காலிக் குப்பியைத் தூக்கிப் போட்டிருப்பா. அந்தக் குழந்தை பிழைச்சு, வளர்ந்து, கிழவனாகிச் செத்தும் போயிருப்பான். அதுவரைக்கும் கடல் இதை விடாம உருட்டிட்டே இருந்திருக்கு... இல்ல?"

லீட்டாவுக்குக் கையிலிருந்த வேலை மறந்துபோனது. தண்ணீர்க் கிண்ணத்துக்குள் ஒரு வெள்ளைக் கண்ணாடியை அமுக்கித் துளை போட்டுக்கொண்டிருந்தாள். தண்ணீருக்கு வெளியே துளைத்தால் சூட்டில் விரிசல் விட்டுவிடும். அவன் குனிந்து மூச்சை அடக்கிக்கொண்டு பார்த்தான். துளை முடிந்து, பழைய டெலிபோன் வயரிலிருந்து உரித்த செம்புக் கம்பியை அவள் வளைத்துக் கோத்த பிறகுதான் மூச்சை விட்டான்.

"இவ்வளவு நேரம் மூச்சு விடாம இருந்தீங்களா?"

"விட்டா உடைஞ்சிடுமோன்னு..."

லீட்டா சிரித்துவிட்டாள். எத்தனையோ நாளுக்குப் பிறகு வந்த சிரிப்பு. அவளுக்கே புதிதாகக் கேட்டது.

*

அதன் பிறகு கடல் எப்போது உள்வாங்கினாலும் ரெமி கரையில் இருந்தான். காலை ஆறரை என்றால் ஆறரை. மதியச் சாப்பாட்டு நேரம் என்றால் சாப்பாட்டை விட்டுவிட்டு. அவள் கடைச் சுவரில் ஒட்டியிருந்த கடல் நேர அட்டவணையை அட்டைத் துண்டில் எழுதிப் பையில் வைத்திருந்தான்.

"நீங்க தேட வேண்டாம். நான் திட்டினதை மனசுல வெச்சுக்காதீங்க."

"நான் போட்டதை நான்தானே தேடணும்?"

சிவப்பு வரவில்லை. குப்பைதான் வந்தது. சாக்குச் சாக்காக அவன் கொண்டுவந்த குப்பையை லீட்டாவின் கொல்லையில் இருவரும் உட்கார்ந்து பிரித்தார்கள். கயிறு ஒரு பக்கம், பிளாஸ்டிக் ஒரு பக்கம், உரத்துக்கான பாசி ஒரு பக்கம். நல்ல நைலான் கயிறாக இருந்தால் பிரித்துக் கால்மிதி பின்னுவாள். அவள் வீட்டில் எதுவும் ஒரே பிறவியோடு முடிவதில்லை என்று ரெமி கண்டுகொண்டான். மாவு மூட்டைத் துணி ஜன்னல் திரையாகியிருந்தது. பழைய கடல் வரைபடங்கள் நகைப் பெட்டிகளாகியிருந்தன. ஊறுகாய் ஜாடி, சோப்பு ஜாடியாகி, பிறகு விளக்காகியிருந்தது.

"என்னைக்காவது ஏதாவது தூக்கிப் போட்டிருக்கீங்களா?" என்றான் ஒரு நாள்.

'ஒரு மோதிரத்தை' என்று அவள் மனம் சொன்னது. வாய், "பேசாம பிரிங்க" என்றது.

அன்று திடீரென்று மழை பிடித்துக்கொண்டது. விறகுக் கொட்டகையின் ஒற்றைத் தகரத்துக்கு அடியில் இருவரும் ஒதுங்கினார்கள். கூரையிலிருந்து பீப்பாய்க்குள் விழுந்த தண்ணீர் முதலில் டம் டம் என்றது. பிறகு களகளவென்றது. பிறகு, பீப்பாய் நிறைய நிறைய, ஏதோ ரகசியம் பேசுவது போல் ஆனது. அவன் இமையில் ஒரு மழைத்துளி தொங்கிக்கொண்டிருந்தது. அது விழுமா, விழாதா... லீட்டா பார்த்துக்கொண்டே இருந்தாள். விழுந்தது. அவளுக்கு எதுவோ உள்ளே நழுவியது போல இருந்தது.

"எங்க ஊர் ரப்யூர் சாப்பிட்டிருக்கீங்களா?" என்றான் அவன், காரணமே இல்லாமல்.

"உருளைக்கிழங்கைத் துருவிப் பிழிஞ்சு, கோழி போட்டுச் சுடறதுதானே? பசை மாதிரி இருக்குமாமே?"

"பசைதான். ஒரு தடவை சாப்பிட்டா ஆள் ஒட்டிக்கும்."

மழையைச் சாக்கிட்டு அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

*

நவம்பர் முதல் வியாழன். ரெமி கடைக்கு வந்தபோது முகம் சரியில்லை. சட்டைப் பையிலிருந்து ஒரு துணிப் பொட்டலத்தை எடுத்து மேசைமேல் பிரித்தான்.

சிவப்பு! உள்ளங்கை அகலத்துக்கு... கூரான, பளபளக்கும், புத்தம்புது உடைசல்.

"துறைமுக விளக்கோட பழைய கண்ணாடி. புயல்ல விரிசல் விட்டுடுச்சு. புதுசு மாட்டிட்டோம், இதை எறிஞ்சிடச் சொன்னாங்க." துணியின் ஓரத்தை மடித்து மடித்து விரித்தான். "மணலும் தண்ணியும் போட்டுக் கல் உருட்டற மிஷின்ல விட்டா மூணு வாரத்துல வெந்த மாதிரியே ஆயிடும். அப்புறம் நீங்க நடக்கற வழியில போட்டுடலாம்னு... நினைச்சேன். மிஷின் கூட இரவல் கேட்டு வெச்சேன். ஆனா முடியலை. கடல் நூறு வருஷம் செய்யறதை நான் மூணு வாரத்துல செஞ்சு உங்க கையில கொடுத்தா... அது உங்களுக்கும் மரியாதை இல்லை, கடலுக்கும் மரியாதை இல்லை. அதைச் சொல்லிடணும்னு தோணுச்சு."

அவன் சொன்னதில் எத்தனை நேர்மை இருந்தது! லீட்டாவுக்கு அது கேட்கவில்லை. கேட்டது வேறு... ஹாலிஃபாக்ஸ் சிரிப்பு.

"எதுக்கு இதெல்லாம்? ஊரே சிரிக்குது, பாவம், இவளை யார் தலையிலயாவது கட்டி வைப்போம்னா?"

"யார் தலையிலயோ இல்ல..." என்றான் ரெமி, மிக மெல்ல.

அது கேட்டது. கேட்டுவிட்டதனாலேயே பயம் வந்தது. பயத்துக்கு வாய் முந்திக்கொண்டது.

"குப்பை பொறுக்கறவதானே, ஒரு துண்டைப் பிச்சை போட்டா ஓடி வந்து எடுத்துப்பான்னு நினைச்சீங்களா?"

ரெமியின் முகம் வெளுத்தது. தொப்பியைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"அன்னைக்கு ஒண்ணைப் போட்டேன்னு கோவிச்சீங்க. இன்னைக்கு ஒண்ணைப் போடலைன்னு சொல்றேன்... அதுக்கும் கோவம். எனக்கு வேற எப்படி இருக்கறதுன்னு தெரியலை லீட்டா." கதவருகே நின்றான். "வேலை முடிஞ்சுது. சனிக்கிழமை மதியம் கிளம்பறேன்."

"நல்லது. பாலத்துக்கிட்ட ரோடு வழுக்கும்..." குரல் உடைந்தது. "பார்த்துப் போங்க."

கதவு மணி கிணுகிணுத்து ஓய்ந்தது.

மாலையில் வெர்னா ஓட்ஸ் பிஸ்கட்டோடு வந்தாள். மேசைமேல் கிடந்த சிவப்பைப் பார்த்தாள். லீட்டாவின் கண்களைப் பார்த்தாள். இந்த முறை சிரிக்கவில்லை.

"ஒண்ணே ஒண்ணு கேக்கறேன்டி. மூணு வருஷமா நீ சிவப்பு வேணும்னு தேடினியா... கிடைக்கக் கூடாதுன்னு தேடினியா?"

*

சனிக்கிழமை. கடல் மறுபடியும் அந்த மாதத்தின் மிகத் தாழ்ந்த எல்லைக்குப் போயிருந்தது. லீட்டா கடைக் கதவில் 'கடல் வற்றியிருக்கிறது, நாலு மணிக்கு வருவேன்' என்ற பலகையை மாட்டினாள். அவனுடைய பிக்கப் வண்டி மேட்டில் நின்றது. பெட்டியும் கருவிகளும் கட்டித் தார்ப்பாய் போட்டிருந்தது.

அவன் கரையின் அந்தக் கோடியில் குனிந்து தேடிக்கொண்டிருந்தான். கடைசித் தடவையாக.

எப்படிப் போய் என்ன சொல்வது? கால்கள் நகர்ந்தன. வார்த்தைதான் நகரவில்லை. வழியில் ஒரு கயிற்றுச் சுருள் கூழாங்கற்களில் புதைந்து கிடந்தது. பழக்கம் விடவில்லை. குனிந்தாள். இழுத்தாள். வரவில்லை. இரண்டு கையாலும் இழுத்தாள். வந்தது.

கயிறு இருந்த பள்ளத்தில், ஈரக் கற்களுக்கு நடுவே... ஒரு சின்னத் தணல்.

லீட்டா மூச்சு விட மறந்தாள்.

எடுத்தாள். மூன்று பக்கம் பட்டு. நாலாவது பக்கம் கத்தி. அதே துண்டு! இத்தனை பெரிய கடல்... எத்தனை அலை, எத்தனை கல்... அத்தனைக்கும் நடுவில் இந்த நகத்தளவு சிவப்பை இந்த இடத்தில், இந்தக் குப்பைக்கு அடியில், இன்றைக்கு என்று வைத்திருக்கிறதே!

"ரெமி...!"

அவன் ஓடி வந்தான். அவள் அதை வெயிலுக்குத் தூக்கிப் பிடித்தாள். கண்ணாடியைத் துளைத்துக்கொண்டு ஒரு சிவந்த ஒளிப்பொட்டு அவன் கன்னத்தில் விழுந்து நடுங்கியது. ரெமி தொப்பியைக் கழற்றினான். கடலும் கொஞ்ச நேரம் இரைச்சலை அடக்கிக்கொண்டது போல் இருந்தது.

"அதேதான்..." அவன் குரல் தழுதழுத்தது. "எடுத்துக்கோங்க லீட்டா. வேகலைன்னு எனக்கு மட்டும்தான் தெரியும். நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்."

லீட்டா கூரான ஓரத்தை விரலால் தடவினாள். அன்று அவன் கட்டைவிரலைக் கீறிய ஓரம் அது. இன்னும் ஐம்பது வருட வேலை இருக்கிறது கடலுக்கு. ஐம்பது வருடம் கழித்து யாரோ ஒருத்தி குனிவாள்...

அவள் கை சுழன்றது.

"ஐயோ... போடாதீங்க!" ரெமி அலறினான். "என்ன காரியம் பண்ணீங்க! அது உங்க கல்யாணம்!"

"சிவப்பு கொடுக்கற அன்னைக்குன்னுதான் சொன்னேன். கடல் கொடுத்துச்சு. பெட்டியில வெச்சுப் பூட்டிக்கறேன்னு நான் சொல்லவே இல்லையே..." சிரிக்க முயன்றாள். கண்ணீர் முந்திக்கொண்டது. "அதுகூட வேண்டாம் ரெமி. அது கிடைச்சிருக்காட்டியும் நான் சொல்றதுக்குத்தான் வந்தேன். சொல்ல வர்றதுக்குள்ள அது குறுக்க வந்துடுச்சு. நான் அன்னைக்குப் பேசினது உங்களை இல்லை. எப்பவோ சிரிச்ச ஒருத்தனை. நீங்க... நீங்க தொப்பியைக் கழற்றினவர். போகாதீங்க."

அலை வந்து இருவர் பூட்ஸையும் நனைத்துத் திரும்பியது.

"சாமான் எல்லாம் கட்டிட்டேனே..." என்றான் ரெமி. எதைச் சொல்வது என்று தெரியாமல் அதைச் சொன்னான்.

"கட்டத் தெரிஞ்சவருக்கு அவிழ்க்கத் தெரியாதா?"

அவன் சிரித்தான். கண்கள் நிறைந்து சிரித்தான். உப்பும் மணலும் ஒட்டிய அவள் கையைத் தயங்கித் தயங்கிப் பற்றினான். அந்தச் சாம்பல் கண்களில் இப்போது பனிமூட்டம் துளியும் இல்லை.

"எங்க விழுந்துச்சு... அதையாவது பார்த்தியா லீட்டா?"

முதல் முறையாக 'நீ' என்றான்.

"இல்லை..." என்றாள் அவள். "நீங்க கத்தினீங்களா... நான் உங்களைத்தான் பார்த்துட்டு இருந்தேன்."